டிராப்பா, வெயிட்டிங்கா?

போன வைகாசியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். அம்மாவையும் சித்தியையும் மண்டப வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை எங்கே போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் விசிலோடு வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பையன் ஜன்னல் பக்கம் குனிந்து, "டிராப்பாண்ணே, வெயிட்டிங்கா?" என்றான். என் வண்டி வெள்ளை டிசையர். நம்பர் பிளேட்டும் வெள்ளைதான், மஞ்சள் இல்லை. அவன் பிளேட்டைப் பார்க்கவே இல்லை. முன்னால் ஒரு மூக்கு, பின்னால் ஒரு டிக்கி, மேலே வெள்ளை பெயின்ட் என்றால் அது வாடகை வண்டி, சந்தேகம் என்ன? "வெயிட்டிங்" என்றேன். வேறென்ன சொல்வது, ஆறு மணி நேரம் காத்திருக்கத்தானே போகிறேன். பின்பக்கம் டாக்சிகள் நின்ற வரிசையில் போடச் சொன்னான். மண்டபத்தில் இருந்த ஒரே வேப்பமரம் அங்கேதான் இருந்தது என்பதால் எனக்கு லாபம். வாசலை ஒட்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த சொந்த வண்டிகள் எல்லாம் கிரெட்டா, செல்டோஸ், நெக்ஸான், பிரெஸ்ஸா என்று நெடுநெடுவென்று நின்றன. செடான், அதாவது பின்னால் தனி டிக்கி வைத்த வண்டி என்று பார்த்தால் பழைய ஹோண்டா சிட்டி ஒன்று, அவ்வளவுதான்.

டாக்சி டிரைவர் என்று நினைத்ததில் எனக்கு மானக்கேடு ஒன்றும் இல்லை. ஊரில் பாதிப் பேரைவிட நன்றாக வண்டி ஓட்டுகிறவர்கள் அவர்கள்தான். என்னைக் குடைந்தது வேறு. நான் பள்ளியில் படித்த காலத்தில் இதே மாதிரி மண்டப வாசலில் டிக்கி வைத்த வண்டி வந்து நின்றால், பெண் வீட்டுக்காரர்கள் எழுந்துபோய்க் கதவைத் திறப்பார்கள். அந்த மரியாதை எப்போது இடம் மாறியது? யார் மாற்றினார்கள்? "சனங்களுக்கு டேஸ்ட் மாறிடுச்சு சார்" என்று ஷோரூமில் சொல்கிறார்கள். அந்தப் பதில் எனக்கு ஒட்டவே இல்லை. டேஸ்ட் என்பது தானாக மாறுகிற விஷயமா என்ன?

டிக்கி வைத்த மரியாதை

அம்பாசடர், பத்மினி காலத்தை விட்டுவிடலாம். அப்போது கார் என்றாலே அந்த உருவம்தான், வேறு வழியில்லை. நான் சொல்வது தொண்ணூறுகளின் கடைசி. மாருதி 800 வாங்கிய குடும்பம் அடுத்த படி ஏறினால் எஸ்டீம். அதற்கு மேலே போனால் லான்சர், சிட்டி, ஐகான், ஆக்சென்ட். இதில் பாதி நம் சென்னையைச் சுற்றியே பிறந்தவை என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். மிட்சுபிஷி லான்சர் 1998-இல் திருவள்ளூர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1999-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்ட், மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான். அந்தச் சமயத்தில் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டில் நின்றால், டிரெய்லர் லாரிகளில் அடுக்கிய செடான்கள் வரிசையாகப் போகும். எங்கள் தெருவில் ஐகான் வாங்கிய வங்கி மேனேஜர் ஒருவர் தினமும் காலையில் ஈரத் துணியால் டிக்கியைத்தான் முதலில் துடைப்பார். பானெட்டை அப்புறம்தான் தொடுவார். வண்டியின் அந்தப் பின்பகுதிதான் காசு. முன்பகுதி மாருதி 800-லும் இருக்கிறதே.

டிக்கிக்கு உள்ளபடியே ஒரு பயனும் உண்டு. இப்போதைய வண்டிகளில் சாமான் வைக்கிற இடமும் ஆள் உட்காருகிற இடமும் ஒரே அறை. பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கிப் பின்னால் போட்டால் சென்னை வரும்வரை எல்லோரும் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். செடானில் அது தனி அறை. வாசம் வராது, சடன் பிரேக் போட்டால் பெட்டி வந்து பிடரியில் இடிக்காது, நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டை, வரும்போது தேங்காயும் வாழைத்தாரும் என்று வாழ்கிற குடும்பத்துக்கு இதைவிடத் தோதான வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை. இருந்தும் அது மறைகிறது என்றால், காரணம் சாமானில் இல்லை என்று அர்த்தம்.

நாலு மீட்டருக்குள் அடங்கு

என் கணக்கில் கதை 2006 பட்ஜெட்டில் தொடங்குகிறது. அப்போது நிதி அமைச்சர் நம் சிவகங்கைக்காரர் ப.சிதம்பரம். சின்னக் கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. எது சின்னக் கார்? நீளம் 4 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, பெட்ரோல் இன்ஜின் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி தாண்டக் கூடாது. சின்னக் கார் உற்பத்திக்கு இந்தியாவை உலக மையமாக்க வேண்டும் என்பது எண்ணம். எண்ணத்தில் குறையில்லை. ஆனால் நீளத்துக்கு ஒரு கோடு கிழித்தபோது, டிக்கி வைத்த வண்டியின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததைக் கார் பிரியர்கள் இன்றும் வயிற்றெரிச்சலோடுதான் சொல்வார்கள். 2008-இல் டாடா, இண்டிகோவின் பின்பக்கத்தைக் குறுக்கி இண்டிகோ சிஎஸ் என்று விட்டது. அதே ஆண்டு வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4160 மி.மீ. நீளம், 440 லிட்டர் டிக்கி. அழகு என்று சொல்ல முடியாது, ஆனால் கௌரவமான அளவு. 2012-இல் அதே டிசையர் 3995 மி.மீ. ஆக வந்தது. டிக்கி 316 லிட்டருக்கு இறங்கியது. பின்னால் யாரோ ரம்பம் போட்டு அறுத்த மாதிரியே இருக்கும். என்னிடம் இருப்பது அந்தத் தலைமுறைதான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். வரி மிச்சம், விலை குறைவு, வண்டி பிய்த்துக்கொண்டு விற்றது. அமேஸ், எக்ஸென்ட், ஸெஸ்ட், ஆஸ்பயர் என்று எல்லோரும் அதே அச்சில் ஒவ்வொன்று வார்த்தார்கள். 2018-இல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டிசையர்தான்.

அவ்வளவு விற்றதற்கு டாக்சியும் ஒரு பெரிய காரணம். கால் டாக்சிக்கு என்ன வேண்டும்? மைலேஜ் வேண்டும், ஏ.சி. வேண்டும், மீனம்பாக்கம் சவாரிக்கு இரண்டு பெட்டி உள்ளே போக வேண்டும், சர்வீஸ் எல்லா ஊரிலும் கிடைக்க வேண்டும். டொயோட்டா எட்டியோஸும் டிசையரும் இந்த நாலையும் கொடுத்தன. ஓலாவும் ஊபரும் வந்த பிறகு, சென்னையில் ரோட்டில் தெரிகிற செடான் என்றாலே பாதிக்கு மேல் அவைதான் என்று ஆகிவிட்டது. வண்டி நல்ல வண்டியாக இருந்ததால்தான் டாக்சி ஆனது. டாக்சி ஆனதால் வீட்டுக்கு வேண்டாதது ஆனது. இதில் சாதி பார்க்கிற புத்தி கொஞ்சம் கலந்திருக்கிறது என்று நான் சொன்னால் என் மச்சான் சண்டைக்கு வருவார். "அதெல்லாம் இல்ல மாப்ள, ரோட்டுல நின்னா கை காட்டுறாங்க, ஏறி உக்காந்துட்டு ஓடிபி சொல்றாங்க" என்பார். அவர் என் மனைவியின் அண்ணன், நல்ல மனிதர், வெள்ளை நிற வண்டி எதையும் வாங்கமாட்டார்.

ஒரே மாவட்டத்திலிருந்து வந்த அலை

டிக்கி அறுபட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், மறுபக்கத்தில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. 2012-இல் ஒரகடத்திலிருந்து ரெனால்ட் டஸ்டர். 2013-இல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட். 2015-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து ஹூண்டாய் கிரெட்டா. இந்தியக் குடும்பம் செடானை மறந்து எஸ்யூவி என்கிற உயரமான வண்டிக்குப் போனதற்கு இந்த மூன்றும்தான் அடி போட்டன. மூன்றும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் என்ற ஒரே மாவட்டத்திலிருந்து கிளம்பியவை. செடான் மோகத்தை நாட்டுக்கு ஊட்டியதில் பங்கு வைத்திருந்த அதே ஊர்கள், அதே தொழிற்சாலை வாசல்கள். ஐகான் வெளியே வந்த மறைமலை நகர் கேட்டிலிருந்துதான் ஈகோஸ்போர்ட்டும் வந்தது.

அந்த ஈகோஸ்போர்ட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நீளம் 3999 மி.மீ. நாலு மீட்டருக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைவு. ஸ்டெப்னி பின்கதவில் வெளியே மாட்டியிருக்கும், காட்டு ஜீப் தோரணையில். ஆனால் அடியில் இருந்தது ஃபியஸ்டா காரின் அடித்தளம். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி, 200 மி.மீ. ஆரம்ப விலை ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேல். நாலு மீட்டருக்குள் ஒரு வண்டியைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்றால் பின்னால் நீட்ட முடியாது, மேலேதான் தூக்க முடியும். சின்ன வண்டிக்கான அந்தச் சட்டம் நீளத்தை அளந்தது, இன்ஜினை அளந்தது, உயரத்தை அளக்கவில்லை. பெரிய எஸ்யூவிகளுக்குக் கிரவுண்ட் கிளியரன்ஸையும் பார்த்துக் கூடுதல் வரி 2025 வரை இருந்தது. அது நாலு மீட்டருக்கு மேல், 1500 சிசிக்கு மேல் இருந்தால்தான். 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கிரெட்டாவின் பெட்ரோல் இன்ஜின் 1497 சிசி, அதனால் அதுவும் தப்பியது. ஆக, மேலே போவது இலவசம். நீளம்தான் கௌரவம் என்றிருந்த ஊரில் உயரம்தான் கௌரவம் என்று ஆனதை டேஸ்ட் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பாதிக்குப் பாதி அது வரிக் கணக்கு.

2025 செப்டம்பர் 22-இலிருந்து வந்த ஜிஎஸ்டி மாற்றத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். அதற்கு முன் நாலு மீட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் வண்டிக்கு செஸ் சேர்த்து 29 சதவீதம், சிட்டி, வெர்னா மாதிரி நீளமான வண்டிக்கு 45. இப்போது முறையே 18, 40. இரண்டுக்கும் விலை இறங்கியது, மகிழ்ச்சி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளம் 16 புள்ளியிலிருந்து 22 ஆக அகன்றுவிட்டது. முழு நீளச் செடான் வாங்குகிறவன் இனி இன்னும் கொஞ்சம் பிடிவாதக்காரனாக இருக்க வேண்டும். ஏற்கெனவே கடையில் சரக்கும் இல்லை. கொரோல்லாவும் சிவிக்கும் 2020-லேயே போயின. யாரிஸ் 2021-இல். மாருதியின் சியாஸ் 2025-இல். நடுத்தர விலையில் சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, வெர்ட்டஸ் என்று நாலு பேர்தான் கடையில் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஸ்லாவியாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கோடா ஒரே அடித்தளத்தில் இரண்டு வண்டி செய்தது. 2021-இல் குஷாக் என்ற எஸ்யூவி, அடுத்த ஆண்டு ஸ்லாவியா என்ற செடான். அதே 1.0, 1.5 லிட்டர் டர்போ இன்ஜின்கள். முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரமும் ஒன்றே, 2651 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் குஷாக்குக்கு 188, ஸ்லாவியாவுக்கு 179. வித்தியாசம் ஒன்பது மில்லிமீட்டர், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. அந்த ஒன்பது மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்தால் 385 லிட்டருக்குப் பதில் 521 லிட்டர் டிக்கி கிடைக்கிறது. காற்றைக் கிழித்துப் போகிற உருவம் என்பதால் நெடுஞ்சாலையில் பெட்ரோலும் குறைவு, வளைவுகளில் ஆட்டமும் குறைவு. இந்தக் கணக்கை நான் நிறைய பேரிடம் போட்டுக் காட்டியிருக்கிறேன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு, போய் உயரமானதையே புக் செய்துவிட்டு வந்து ஸ்வீட் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா உட்கார்ந்த விதம்

இதுவரை சொன்னதை வைத்து நான் ஒரு முழுச் செடான் வக்கீல் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படித்தான் இருந்தேன், மச்சானுக்கு வண்டி பார்க்க ஒரு ஷோரூமுக்குப் போகும்வரை. அம்மாவும் கூட வந்தார். அவருக்கு வேலை ஒன்றும் இல்லை, வீட்டில் தனியாக இருக்க வேண்டாமே என்று கூட்டிப்போனோம். சேல்ஸ் பையன் மச்சானிடம் சன்ரூஃபைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தான். "அம்மா, பாருங்க, வானம் தெரியும்" என்றான். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெயில் ஊர்ல மேல எதுக்குப்பா ஓட்டை?" என்றார். அப்புறம் நின்று கால் வலித்ததோ என்னவோ, பக்கத்தில் இருந்த ஒரு சின்ன எஸ்யூவியின் பின்கதவு திறந்திருந்ததைப் பார்த்து, முதுகைச் சீட்டுப் பக்கம் திருப்பிச் சும்மா சாய்ந்தார். உட்கார்ந்துவிட்டார். பிறகு திரும்பி, இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்தார். அவ்வளவுதான்.

அது எனக்கு ஏன் பெரிதாகப் பட்டது என்றால், என் வண்டியில் அவர் ஏறுவதைத் தினமும் பார்க்கிறவன் நான். முதலில் கைப்பையை உள்ளே போடுவார். இடது கை கதவின் மேல்விளிம்பில், வலது கை என் தோளில். தலையைக் குனிய வேண்டும், இடுப்பை வளைக்க வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும், மூன்றையும் ஒரே நேரத்தில். பாதி வழியில் முழங்கால் கைவிட்டுவிடும், மீதி தூரம் தொப்பென்று விழுவதுதான். அப்புறம் இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். இறங்கும்போது இதைவிட மோசம். நடைமேடையை ஒட்டி நிறுத்தினால் வண்டி இன்னும் பள்ளமாகிவிடும் என்பதால், நடைமேடையிலிருந்து மூன்றடி தள்ளி, ரோட்டில் கால் வைக்கிற மாதிரி நிறுத்த வேண்டும். இத்தனை உபாயங்களையும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமலே பழகிவிட்டோம். ஒரு நாளும் அவர் குறை சொன்னதில்லை. ஷோரூமிலிருந்து திரும்பும்போது மட்டும், "அந்த வண்டில ஏறுறது திண்ணையில உக்கார்ற மாதிரி இருந்துதுடா" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்கு என் 521 லிட்டர் கணக்கில் பதில் இல்லை. சரி, அப்படியானால் எஸ்யூவி கட்சி ஜெயித்துவிட்டது என்று விட்டுவிடலாமா? அங்கேதான் மனம் அடங்கவில்லை. ஏனென்றால் அதே ஷோரூமில், அதே நாளில், அதைவிடப் பெரிய இன்னொரு வண்டியில் அம்மாவால் ஏறவே முடியவில்லை. அவர் ஐந்தடிக்கும் குறைவு. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு மறு காலை எடுக்க முடியாமல் அந்தரத்தில் நின்றார். சேல்ஸ் பையன் ஓடிவந்து, "சைடு ஸ்டெப் போட்டுக்கலாம்மா, அக்சஸரீஸ்ல வரும்" என்றான். ஆக, அவருக்கு வேண்டியது எஸ்யூவி இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு சீட்டும், தலை இடிக்காத ஒரு வாசலும்தான். நான் வீட்டுக்கு வந்து நாலைந்து வண்டிகளின் பிரோஷரை இறக்கிப் பார்த்தேன். கிரவுண்ட் கிளியரன்ஸ் இருக்கிறது, அலாய் வீல் அளவு இருக்கிறது, உள்ளே எரிகிற விளக்குக்கு எத்தனை நிறம் என்றுகூட இருக்கிறது. தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்று ஒன்றில்கூட இல்லை. வயதான அப்பா அம்மா உள்ள வீடுகளில் வண்டியைத் தீர்மானிக்கிற அளவு அது.

வேடிக்கை என்னவென்றால், அந்த உயரத்தை இந்தியாவுக்கு எஸ்யூவி கொண்டுவரவில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த முதல் சான்ட்ரோவை நினைவிருக்கிறதா? நெட்டையாக, ஒரு மாதிரியாக இருக்கும். எங்கள் தெருவில் எல்லோரும் சிரித்தோம். அதில் உட்கார்ந்து எழுந்த பெரியவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு வேகன் ஆர் வந்தது, அதுவும் அதே நெட்டை, இன்றைக்கும் விற்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு வேகன் ஆர் போதும். ஆனால் "வேகன் ஆர்" என்று மச்சானிடம் சொல்லிப் பாருங்கள். முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். தேவைக்கு உயரம், வாங்குவது கௌரவத்துக்கு உயரம். இரண்டும் ஒரே திசையில் இருப்பதால் எது எவ்வளவு என்று வாங்குகிறவருக்கே தெரிவதில்லை.

அடி தட்டுமா?

நம் ஊரில் வண்டி வாங்கப் போகிற யாரும் கேட்கிற முதல் கேள்வி இன்னும் இதுதான். "அடி தட்டுமா?" நியாயமான கேள்வி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை என்றால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. அப்படி ஒன்றைப் போட்டால் எந்தச் செடானும் தட்டாது. எங்கள் பகுதியில் இருப்பவை அந்த இனமே இல்லை. தெருவில் ஒரு பைக்காரன் வேகமாகப் போனான் என்றால், அடுத்த வாரம் ஒரு சாண் அகலத்தில் சிமென்ட்டைக் குவித்து முதுகெலும்பு மாதிரி ஒன்றை எழுப்பிவிடுகிறார்கள். என் டிசையரில் ஐந்து பேர் இருந்தால் அதன் மேல் ஏறி இறங்கும்போது அடியில் சர்ரென்று ஒரு சத்தம் வரும். பல்லைக் கடித்துக்கொள்வேன். பின்சீட்டில் இருப்பவர்கள் இறங்கி நடந்து, தாண்டியதும் ஏறிக்கொள்வதும் உண்டு.

ஆனால் இதற்குத் தீர்வாக வண்டியைத் தூக்குவது எனக்கு எதை நினைவுபடுத்துகிறது என்றால், சென்னையில் வீட்டைத் தூக்குவதை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வீட்டு வாசல் பள்ளமாகிவிடும். மழைத் தண்ணீர் உள்ளே வரும். வீட்டுக்காரர் என்ன செய்கிறார், ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்குகிறார். அவருக்கு வேறு வழியில்லைதான். ஆனால் அவர் தூக்கிய மறுநாளிலிருந்து ரோட்டைச் சுரண்டச் சொல்லிக் கேட்பதற்கு அந்தத் தெருவில் ஒரு குரல் குறைந்துவிடுகிறது. 200 மி.மீ. கிளியரன்ஸ் வண்டிக்காரர் வேகத்தடையைப் பற்றிப் புகார் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவருக்குத்தான் தட்டவில்லையே.

வெள்ளத்துக்கும் உயரம் உதவும் என்பார்கள். ஓரளவுக்குத்தான். இன்ஜின் காற்று உறிஞ்சுகிற குழாய் வாய் எங்கே இருக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. அதற்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அப்புறம் வண்டி செடானா எஸ்யூவியா என்று இன்ஜின் பார்க்காது. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உயரமான வண்டிகளும் பாலத்தில்தான் நின்றன.

முன்னால் போகிறவர் மறைக்கிறார்

இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது, அதைச் செடான் ஓட்டுகிறவன்தான் உணர முடியும். எல்லா வண்டிகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்த காலத்தில், முன்னால் போகிற காரின் பின்கண்ணாடி, முன்கண்ணாடி இரண்டின் வழியாகவும் அதற்கு முன்னால் போகிறவரின் பிரேக் லைட் தெரியும். அவர் மிதித்தால் நான் காலை எடுத்துவிடுவேன். இப்போது எனக்கு முன்னால் தெரிவது ஒரு செங்குத்தான பின்கதவும், அதில் ஒட்டியிருக்கும் குலதெய்வத்தின் பெயரும்தான். இரவில் திண்டிவனம் ரோட்டில் பின்னால் வருகிற எஸ்யூவியின் ஹெட்லைட் நேராக என் கண்ணாடியில் விழுகிறது. அவர் டிம் போட்டுத்தான் வருகிறார், பாவம், அவர் தப்பு இல்லை. விளக்கு இருக்கிற உயரமே அப்படி. இதிலிருந்து தப்பிக்க எனக்கு இருக்கிற ஒரே வழி நானும் உயரமாக வாங்குவது. வாங்கினால் எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு நான் மறைப்பேன். பிறகு அவன் வாங்குவான்.

அமெரிக்காவில் இந்தப் பந்தயம் இன்னும் முற்றிப்போயிருக்கிறது. மறைமலை நகரில் ஐகானும் ஈகோஸ்போர்ட்டும் செய்த அதே ஃபோர்டு, 2018 ஏப்ரலில் வட அமெரிக்காவில் செடான்களையே கைவிடுவதாக அறிவித்து, மஸ்டாங்கைத் தவிர மற்றதையெல்லாம் படிப்படியாக நிறுத்தியது. அங்கே ஒரு காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பானெட் முனை 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டி பாதசாரி மேல் மோதினால், தாழ்ந்து சரிந்த பானெட் உள்ளதைவிட உயிர்போகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று தெரியவந்தது. நம் காம்பாக்ட் வண்டிகள் அந்த உயரத்துக்குப் போகவில்லை. ஆனால் நம் ரோட்டில் நடந்துபோகிறவர்கள் எத்தனை பேர், அங்கே எத்தனை பேர் என்று யோசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

எண்கள் என்னவோ தெளிவாக இருக்கின்றன. 2024-25 நிதியாண்டில் நாட்டில் விற்ற பயணிகள் வாகனங்களில் ஏறக்குறைய 65 சதவீதம், எஸ்யூவியும் எம்பிவியும் சேர்ந்த யுட்டிலிட்டி வகை. 2024 காலண்டர் ஆண்டில் அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச், இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். மாருதி அல்லாத ஒரு கார் முதலிடத்துக்கு வந்தது நாற்பது ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. பஞ்ச்சின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 187 மி.மீ., நீளம் நாலு மீட்டருக்கு நல்ல குறைவு. இருபது வருடம் முன்னால் வந்திருந்தால் அதைச் சின்னக் கார் என்று கூப்பிட்டிருப்போம். மறுபக்கம், 2024 நவம்பரில் வந்த புது டிசையர் குளோபல் என்கேப் விபத்துச் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது, மாருதிக்கு அதுதான் முதல். வண்டி நன்றாகவே விற்கிறது. செடான் செத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. நீளச் செடான் சாகிறது. வால் அறுந்த செடான் மஞ்சள் போர்டு மாட்டிக்கொண்டு உழைத்துப் பிழைக்கிறது.

மச்சான் கடைசியில் ஒரு காம்பாக்ட் எஸ்யூவி எடுத்தார், சாம்பல் நிறத்தில், சன்ரூஃபோடு. நான் இன்னும் டிசையர்தான். அம்மாவுக்காக ஒரு வேகன் ஆர் பழையதாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய வண்டி விற்கிற இடங்களில் சுற்றும்போது ஒன்றைக் கவனித்தேன். நன்றாகப் பராமரித்த சிட்டி, வெர்னா, சியாஸ் எல்லாம் அதே வயதுள்ள எஸ்யூவிகளைவிடக் குறைந்த விலைக்கு நிற்கின்றன. "செடான் போகாது சார், சீக்கிரம் தள்ளிவிடணும்" என்று புரோக்கரே சொல்கிறார். டிக்கியும் சுகமான சஸ்பென்ஷனும் வேண்டும், ஊர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு இதைவிட நல்ல சமயம் வராது.

புது வண்டிக்குப் பூஜை போட்ட அன்று மச்சானிடம் ஒன்று கேட்டேன். எர்டிகா ஏற்கெனவே மஞ்சள் போர்டில் ஓடுகிறது. காம்பாக்ட் எஸ்யூவியிலும் சிஎன்ஜி வந்துவிட்டது. இன்னும் நாலைந்து வருடத்தில் இதே வண்டி டாக்சி ஸ்டாண்டில் நிற்கும், அப்போது என்ன செய்வீர்கள் என்றேன். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்துக்கொண்டே, "அதுக்குள்ள மாத்திடுவேன் மாப்ள" என்றார். எதற்கு மாற்றுவீர்கள்? "இதைவிட உசரமா ஏதாச்சும் வந்திருக்கும்ல."